பாதாள ஆராய்ச்சியும் சுரங்கத் தொழிலாளியும்

அமெரிக்காவில் தெற்கு டக்கோட்டா மாநிலத்தில் ஹோம்ஸ்டேக் என்று ஒரு தங்கச் சுரங்கம். 2002-ல் மூடப்பட்ட அந்தச் சுரங்கத்தில், தரைக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், இன்று ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. அதற்குள் 10 டன் செனான். செனான் என்பது காற்றில் மிகச் சொற்பமாகக் கலந்திருக்கும் ஒரு வாயு. அதைக் கடுமையாகக் குளிரவைத்துத் தண்ணீர் போலாக்கி நிரப்பியிருக்கிறார்கள். சுற்றிலும் சுமார் 500 கருவிகள் இரவு பகலாகக் கண் விழித்திருக்கின்றன. என்றாவது ஒரு நாள் ஏதோ ஒன்று வந்து ஒரே ஓர் அணுவின் மீது மோதாதா, மின்மினி அளவுகூட இல்லாத ஓர் ஒளித்துணுக்கு தோன்றாதா என்பதே அந்தக் காத்திருப்பு. 2024 ஆகஸ்டில், 280 நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்து உலகுக்கு அறிவித்தார்கள்: தேடிய பொருள் இன்னும் கிடைக்கவில்லை.

தேடுகிற பொருளுக்கு ‘டார்க் மேட்டர்’ என்று பெயர்; இருண்ட பொருள் என்று நாம் சொல்லலாம். ஆலையில் பஞ்சுத் தூசியை விழுங்குகிற தொழிலாளியும், வரப்பில் நின்று கூலி உயர்வு கேட்கிற விவசாயத் தொழிலாளியும் வாசிக்கிற பத்திரிகையில் இந்த விஷயத்துக்குத் தலையங்கமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். இதில் நமக்குச் சம்பந்தம் உண்டு என்பது மட்டுமல்ல, நமக்கு வர வேண்டிய பாக்கியும் உண்டு.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். திருவிழாவில் குடைராட்டினம் சுற்றுவதைப் பார்த்திருக்கிறோம். வேகம் கூடக் கூட, சங்கிலி பலமாக இருந்தால்தான் தொட்டில் நிற்கும்; இல்லாவிட்டால் பிய்த்துக்கொண்டு போய்விடும். வானத்திலே கோடானுகோடி நட்சத்திரங்கள் கூட்டங்கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் சங்கிலி ஈர்ப்புச் சக்தி. 1933-ல் ஸ்விக்கி என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிகிற பொருளின் எடை, அந்த வேகத்தைப் பிடித்து வைக்கப் போதவில்லை. அவர் சொன்னதை அன்று பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1970-களில் வேரா ரூபின் என்ற பெண் விஞ்ஞானி நட்சத்திர மண்டலங்களின் சுழற்சியை ஒவ்வொன்றாக அளந்து காட்டிய பிறகுதான் மறுக்க முடியாமல் போயிற்று. நாம் பார்க்கிற, தொடுகிற பொருள் ஒரு படி என்றால், பார்க்க முடியாத பொருள் ஐந்து படிக்கும் மேல் இருக்கிறது. அது ஒளி விடுவதில்லை, ஒளியை மறைப்பதுமில்லை. பாரம் மட்டும் உண்டு. இந்த நிமிஷத்திலும் நம் உடல் வழியாக அது போய்க்கொண்டிருக்கக்கூடும் என்கிறார்கள்.

இதைத் தேட ஏன் பாதாளத்துக்குப் போக வேண்டும்? தறிக்கூடத்தில் வேலை செய்கிறவருக்கு இது உடனே விளங்கும. நூறு தறிகள் ஓடுகிற கூடத்தில் நின்றுகொண்டு ஒரு கொசு பாடுவதைக் கேட்க முடியுமா? வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் மழைபோல் பூமியில் இறங்கிக்கொண்டேயிருக்கின்றன. கையை நீட்டினால் உள்ளங்கை வழியே விநாடிக்கு ஒரு துகள் வீதம் பாய்கிறது. இந்த இரைச்சலில் இருண்ட பொருளின் மெல்லிய தட்டல் காதில் விழாது. மேலே ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் கற்பாறை இருந்தால் அந்த மழை வடிகட்டப்படும். ஆகவேதான் விஞ்ஞானிகள் குழி தேடுகிறார்கள்.

குழி யார் தோண்டியது? இங்கேதான் நம் விஷயம் வருகிறது.

கனடாவில் சட்பரி நகருக்கருகே கிரெய்ட்டன் நிக்கல் சுரங்கத்தில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் ஆராய்ச்சிச்சாலை. இங்கிலாந்தில் பௌல்பி சுரங்கத்தில் 1,100 மீட்டர் ஆழத்தில் ஒன்று. இத்தாலியில் கிரான் சாஸோ மலையை நெடுஞ்சாலைக்காகக் குடைந்தார்கள். அந்தக் குகைப் பாதையின் ஓரத்தில் ஒன்று. சீனாவில் சிச்சுவான் மாகாணத்து ஜின்பிங் மலையில், நீர்மின் திட்டத்துக்காகத் தோண்டிய குகைவழியில், 2,400 மீட்டர் பாறைக்கு அடியில், உலகத்திலேயே மிக ஆழமான ஆராய்ச்சிச்சாலை 2010-ல் திறக்கப்பட்டு 2023-ல் பன்மடங்கு விரிவாக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சிக்கென்றே மலையைக் குடைவது என்று தீர்மானித்து முதலில் இறங்கிய நாடுகளில் ஒன்று சோவியத் நாடு. காகசஸ் மலையில் பாக்ஸான் பள்ளத்தாக்கில் 1960-களின் கடைசியில் தொடங்கிய வேலை அது. அந்த நாடு 1991-ல் சிதைந்தது. ஆராய்ச்சிச்சாலை நிற்கிறது.

மற்றபடி பெரும்பாலும் கதை ஒன்றுதான். முதலாளி லாபத்துக்காகத் தோண்டச் சொன்னான். தொழிலாளி தோண்டினான். உலோகம் தீர்ந்தோ, விலை விழுந்தோ முதலாளி போன பிறகு குழி மிச்சம். அந்தக் குழியில் மனித அறிவு குடியேறுகிறது. நல்ல காரியம், நாம் வரவேற்கிறோம். ஆனால் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தின் விஞ்ஞானச் சரித்திரத்தைப் படிக்கிற ஒருவர், 1909-ம் ஆண்டு நவம்பரில் அந்தச் சுரங்கத்தின் கதவைச் சாத்தி, ‘நான் சங்கத்தில் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டவனுக்கு மட்டுமே வேலை என்று கம்பெனி சொன்னதை அதில் படிக்க மாட்டார். அந்த மலைப் பிரதேசம் லகோட்டா என்ற ஆதிவாசி மக்களுக்கென்று 1868-ல் ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கப்பட்டதையும், தங்கம் கண்டதும் 1877-ல் பறிக்கப்பட்டதையும் சுலபமாகக் கண்டுகொள்ள மாட்டார்.

ஜப்பானில் காமியோகா சுரங்கம் நியூட்ரினோ ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்றது. இருண்ட பொருளையும் அங்கே தேடினார்கள். அதே சுரங்கத்தின் கழிவிலிருந்து காட்மியம் என்ற நஞ்சு ஆற்றில் கலந்து, ஆற்றுநீரில் விளைந்த நெல்லை உண்ட விவசாயக் குடும்பங்களின் எலும்பு நொறுங்கியது. வலி தாளாமல் அவர்கள் கதறிய ‘இத்தாய், இத்தாய்’ என்ற சொல்லே நோய்க்குப் பெயராயிற்று. மிட்சுயி கம்பெனி மீது வழக்குப் போட்டு அந்த மக்கள் 1970-களின் தொடக்கத்தில் வெற்றி பெற்றார்கள். விஞ்ஞானத்தின் புகழும் விவசாயியின் கதறலும் ஒரே சுரங்கத்திலிருந்துதான் வந்தன.

தொலைதூரத்துக் கதை போதும். கோலார் தங்கவயலுக்கு வருவோம்.

1880-ல் ஜான் டெய்லர் என்ற வெள்ளைக் கம்பெனி அங்கே கடை விரித்தது. வடாற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சத்தாலும் பண்ணைக் கொடுமையாலும் விரட்டப்பட்ட ஜனங்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த நம் தமிழ் மக்கள், அங்கே போய்க் குழியில் இறங்கினார்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். மின்சாரம் யந்திரத்துக்கு வந்தது, தொழிலாளியின் லைன் வீட்டுக்கு அல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். தொட்டால் கை சுடும். ‘பாறை வெடிப்பு’ என்று அவர்கள் சொல்லும் விபத்தில், எந்த மருந்தும் வைக்காமலே பாறை தானாக வெடித்து ஆட்களை மூடும். தப்பியவரைத் தூசி பிடித்தது. சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் நம் நாட்டில் முதன்முதலாகப் பதிவானது கோலார் தொழிலாளியின் நெஞ்சில்தான். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் மேலே வந்தது.

அவர்கள் வாய் மூடிக் கிடந்த ஜனங்கள் அல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ பத்திரிகையைப் படித்தவர்கள். அவர் மறைவுக்குப் பின் அந்தப் பத்திரிகையைத் தங்கவயலிலிருந்தே நடத்தியவர்கள். 1930-ல் குற்றவாளிகளைப் போல் எல்லோரும் கைரேகை பதிக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வெளியே வந்தவர்கள். 1940-களில் அங்கே செங்கொடிச் சங்கம் வேரூன்றியது.

இந்தக் குழிக்குத்தான் 1951-ல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, ஹோமி பாபா அனுப்ப, ஸ்ரீகண்டன் என்ற இளம் விஞ்ஞானி கருவிகளோடு வந்தார். காஸ்மிக் கதிர்கள் பூமிக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகின்றன என்று அளப்பது நோக்கம். 1960-களின் தொடக்கத்தில் எம். ஜி. கே. மேனனும் ஜப்பானிய விஞ்ஞானி மியாக்கேயும் மற்றவர்களும் சேர்ந்து 2,760 மீட்டர் ஆழம் வரை கருவியை இறக்கினார்கள். அங்கே இரண்டு மாதம் வைத்தும் ஒரு துகள்கூடப் பதியவில்லை. உலகத்தில் இதைவிட நிசப்தமான இடம் வேண்டுமா? அந்த நிசப்தத்தை வைத்துத்தான் நியூட்ரினோவைப் பிடிக்கத் துணிந்தார்கள். 1965-ல் 2,300 மீட்டர் ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்து பூமியையே துளைத்து வரும் நியூட்ரினோவின் தடம் கோலாரில் பதிந்தது. இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகள் கூட்டாகச் செய்த காரியம் அது.

அதே வருஷம் அதே தேடலைத் தென்னாப்பிரிக்காவில் கிழக்கு ராண்ட் தங்கச் சுரங்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி ரைன்ஸின் குழுவினர் நடத்தினார்கள். அவர்களுக்கும் கிடைத்தது. முதலில் கண்டது அவர்களே என்றாலும், அச்சில் முதலில் வந்தது கோலாரின் கட்டுரைதான், இரண்டு வார வித்தியாசத்தில். யார் முந்தி என்ற தகராறில் நமக்கு அக்கறையில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அன்று உலகத்தில் இந்த ஆராய்ச்சிக்குப் போதுமான ஆழம் கிடைத்த இரண்டு இடங்களில் ஒன்றைத் தோண்டியவர்கள் பாஸ் சட்டத்தின் கீழ் அடிமைபோல் அடைக்கப்பட்டிருந்த கறுப்புத் தொழிலாளிகள்; 1946 ஆகஸ்டில் கூலி கேட்டு வேலை நிறுத்தம் செய்து போலீஸ் துப்பாக்கிக்கு இரையான தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளி வர்க்கம். இன்னொன்றைத் தோண்டியவர்கள் நம் சேரிகளிலிருந்து போன தமிழர்கள். உலக விஞ்ஞானம் அந்த ஆழத்தில் இவர்கள் இருவரின் முதுகின் மீது நின்றது.

கோலாரில் வேலை அதோடு நிற்கவில்லை. 1980-களில் புரோட்டான் என்ற அணுத்துகள் அழியுமா என்று பார்க்க, சதுர இரும்புக் குழாய்களை அடுக்கடுக்காக 34 அடுக்குப் போட்டு 140 டன் எடையில் கருவி கட்டினார்கள். ஒவ்வொரு குழாயும் கூண்டில் இறங்கி, சுரங்கப் பாதையில் போய், குகைக்குள் சேர்ந்தது. கூண்டை இயக்கியவன் யார், குகையைக் குடைந்தவன் யார், மேலே விழாமல் பாறைக்கு முட்டுக் கொடுத்தவன் யார்? கட்டுரைகளில் விஞ்ஞானிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. இருக்க வேண்டியதுதான், அவர்களும் அதே வெக்கையில் வெந்தவர்கள், அவர்களை நாம் குறைத்துப் பேசவில்லை.

இருண்ட பொருளுக்கும் கோலாருக்கும் நேரடியான ஒரு தொடர்பும் இருக்கிறது. 1975-ல் கோலார் கருவியில் சில விசித்திரமான தடங்கள் பதிந்ததாக அறிவித்தார்கள். கருவிக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் ஒரு புள்ளியிலிருந்து இரண்டு மூன்று துகள்கள் பிரிந்து பாய்ந்தது போன்ற தடங்கள். ‘கோலார் நிகழ்ச்சிகள்’ என்று அவற்றுக்குப் பெயர். எதனால் என்று எவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. 2014-ல் சென்னையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் மூர்த்தியும் ராஜசேகரனும், அவை இருண்ட பொருளின் துகள் சிதைந்த தடங்களாக இருக்கலாமோ என்று எழுதினார்கள். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சரிபார்க்க வேண்டுமானால் மறுபடி அதே ஆழத்தில் கருவி வைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கே வைப்பது? 1956-ல் மைசூர் சர்க்கார் சுரங்கத்தை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய சர்க்கார் எடுத்துக்கொண்டது. தங்கம் கிடைப்பது குறைந்தது, நஷ்டம் என்றார்கள். ஆராய்ச்சி 1990-களின் தொடக்கத்தில் நின்றது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கமே இழுத்து மூடப்பட்டது. நீர் இறைக்கும் பம்புகள் நின்றன. நிலத்தடி நீர் ஏறி, மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு நம்மவர் வெட்டிய வழிகளை நிரப்பிக்கொண்டது.

ஹோம்ஸ்டேக் சுரங்கத்திலும் மூடிய பிறகு தண்ணீர் ஏறத்தான் செய்தது. ஆனால் அங்கே மாநில சர்க்கார் சுரங்கத்தை நன்கொடையாகப் பெற்று, நீரை இறைத்து, ஆராய்ச்சிச்சாலை அமைத்தது. தனிப்பட்ட பணக்காரர் ஒருவர் 7 கோடி டாலர் நன்கொடை கொடுத்தார் என்பதும் உண்மை. பணக்காரரின் தயவில் விஞ்ஞானம் நடப்பது நமக்கு உவப்பானதல்ல. ஆனாலும் குழியின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமது ஆட்சியாளர்களோ கோலாரைத் தங்கக் கணக்கில் மட்டும் எடைபோட்டார்கள். டன்னுக்கு எத்தனை கிராம் என்று பார்த்தார்கள். அந்த ஆழம் எத்தனை தலைமுறை உழைப்பு என்று பார்க்கவில்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். தயாராக இருந்த குழியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, புதிய மலை தேடிப் புறப்பட்டார்கள். நீலகிரியில் சிங்காரா என்றார்கள். யானை வழி என்று 2009-ல் மறுக்கப்பட்டது. தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் என்றார்கள். 2015 ஜனவரியில் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய மந்திரிசபை அனுமதி தந்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள், வழக்கு நடந்தது, 2022-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் சுப்ரீம் கோர்ட்டில் அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. இந்த விஷயத்தில் இரு தரப்பாரிடமும் நமக்குச் சொல்ல ஒரு வார்த்தை உண்டு. நியூட்ரினோ வந்து பயிரைக் கருக்கும், பிள்ளையைக் கொல்லும் என்று பேசியது தவறு. நகக்கண் அளவு இடத்தில் விநாடிக்கு 6,000 கோடிக்கு மேல் நியூட்ரினோக்கள் சூரியனிலிருந்து வந்து, ஒன்றும் செய்யாமல் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் தண்ணீர் என்ன ஆகும், மலையை வெடி வைத்தால் கிணறு என்ன ஆகும், மேய்ச்சல் நிலம் என்ன ஆகும் என்று கேட்ட விவசாயியைப் ‘படிக்காதவன்’ என்று ஏளனம் செய்தது அதைவிடத் தவறு. அந்த ஏளனத்தால்தான் பொய்ப் பயத்துக்கு இடம் கிடைத்தது.

இப்போது இந்தியாவில் இருண்ட பொருளைத் தேடும் குழி, ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் இருக்கிறது. 555 மீட்டர் ஆழம். 2017 செப்டம்பரில் திறந்தார்கள். கோலாரின் ஆழத்தில் கால்வாசிதான். இருப்பதை வைத்துச் செய்கிறார்கள். ஆனால் ஜாதுகுடாவைச் சுற்றியுள்ள சந்தால், ஹோ, முண்டா மக்கள் சுரங்கக் கழிவின் கதிர்வீச்சால் நோய் வருகிறது, பிள்ளைகள் ஊனமாகப் பிறக்கிறார்கள் என்று பல்லாண்டுகளாக முறையிடுகிறார்கள். சுரங்க நிர்வாகம் இல்லை என்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்றே ஒன்று வந்து மோதினாலும் கண்டுபிடிக்கிற கருவியைக் குழிக்குள் வைக்க முடிகிற நாட்டில், மேலே ஊரில் ஒரு குழந்தையின் ரத்தத்திலும் கிணற்றுத் தண்ணீரிலும் என்ன இருக்கிறது என்று நிர்வாகத்தின் கைக்கு அப்பாற்பட்ட வைத்தியர்களை வைத்து ஊரறியப் பரிசோதிக்க முடியாதா?

தங்கவயலில் இன்று என்ன மிச்சம்? மலைபோல் குவிந்த சயனைடு மண். காற்றடித்தால் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் கூலி வேலைக்கும் காவல் வேலைக்கும் போய், இருட்டிய பின் திரும்புகிற ஆயிரக்கணக்கான இளைஞர்கள். ஒற்றை அறை லைன் வீடுகள். 2024-ல் கர்நாடக மந்திரிசபை, 13 கழிவு மேடுகளில் மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு இசைவு தந்தது. அந்தத் தூசியைத் தின்றவனுக்கு அதில் என்ன பங்கு?

சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாமும் இதைச் சரியாகக் கவனிக்கவில்லை. தங்கவயல் என்றால் கூலி, போனஸ், மூடல் என்றே பேசினோம். 1965-ல் அந்தக் குழியில் நடந்த காரியம் நம் தொழிலாளியின் பெருமை என்று மே தினக் கூட்டங்களில் எத்தனை முறை சொன்னோம்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். கழிவு மேட்டு வேலையில் முதல் உரிமை சுரங்கத் தொழிலாளிகளின் குடும்பங்களுக்கு இருக்க வேண்டும். தூசி கிளம்பாமல் வேலை நடக்க வேண்டும். உயிரோடு இருக்கும் பழைய தொழிலாளிகள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, நோய் உள்ளவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். லைன் வீடு அதில் குடியிருப்பவருக்கே சொந்தம் என்று பத்திரம் வேண்டும். நீரை இறைத்து மேல் தளங்களையாவது மீட்டு மறுபடி ஆராய்ச்சிச்சாலை அமைக்க முடியுமா என்று விஞ்ஞானிகளும் பழைய சுரங்கத் தொழிலாளிகளும் சேர்ந்த ஒரு கமிட்டி பார்க்க வேண்டும். எந்த ஷாஃப்டில் எங்கே பாறை நிற்கும், எங்கே நிற்காது என்பதைப் புத்தகத்தில் படித்தவரைவிட அங்கே முட்டுக் கொடுத்தவர் நன்றாக அறிவார், அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களில் தங்கவயலிலிருந்து திரும்பி வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமது கிளைத் தோழர்கள் அவர்களைத் தேடிப் போய், எந்தச் சுரங்கம், எந்த ஷாஃப்ட், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று எழுதி வாங்கி அனுப்ப வேண்டும். ஆராய்ச்சிக் குகையில் குழாய் சுமந்தவர்கள், கூண்டு இயக்கியவர்கள், குகையை வெட்டியவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.